லிங்க்கை ஒரே இடத்தில் மாற்றினால் போதும்: ஷேர்பாயின்ட்டில் பொது மெனு அமைப்பது எப்படி?

ஒரு சம்பளப் பிடித்தத்தில் இருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் விடுப்பு விண்ணப்பப் படிவம் மூன்று முகவரிகளில் இருந்தது. மனிதவளத் துறையின் தளத்தில் ஒன்று, கணக்குப் பிரிவின் தளத்தில் ஒன்று, பழைய ஆட்கள் பிரவுசரில் சேமித்து வைத்திருந்தது இன்னொன்று. மூன்றையும் திறக்கலாம், மூன்றிலும் நிரப்பலாம், நிரப்பி அனுப்பினால் 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று மூன்றும் சொல்லும். ஆனால் அவற்றில் ஒன்றைத்தான் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் விடுப்பு கேட்டு, தன் பிரிவின் பக்கத்தில் இருந்த லிங்க்கை அழுத்தி, நிரப்பி அனுப்பிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மாதக் கடைசியில் நாலு நாள் சம்பளம் குறைந்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போனவர் என்று மேலாளர் ஒரு மெயிலும் எழுதிவிட்டார். அந்தப் பெண் செய்தது என்ன தப்பு? தன் கண் முன்னால் இருந்த மெனுவை நம்பினார், அவ்வளவுதான்.

பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, மனிதவளத் துறை ஆறு மாதத்துக்கு முன்பே படிவத்தை மாற்றியிருக்கிறது, தங்கள் தளத்தில் லிங்க்கையும் ஒழுங்காக மாற்றியிருக்கிறது. மற்ற பிரிவுகள் எல்லாம் அந்த லிங்க்கைத் தங்கள் மெனுவில் தனித்தனியாக ஒட்டி வைத்திருக்கும் விஷயமே அவர்களுக்குத் தெரியாது. எந்தெந்தத் தளத்தில் ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. கடைசியில் நான்தான் உட்கார்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு முழு நாள் போயிற்று. அன்றைக்குத்தான் இந்தப் 'பொது மெனு' விஷயத்தை முழுதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புதிதாக இன்ட்ராநெட் (நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் இணையதளம்) பொறுப்பை யாராவது உங்கள் தலையில் கட்டியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அப்படிப்பட்ட தளங்களை அமைக்க உதவும், மைக்ரோசாஃப்ட் 365-ல் வரும் ஷேர்பாயின்ட்டை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நான் தினமும் புழங்குவது அதில்தான். வேறு மென்பொருள் என்றாலும் கருத்து இதேதான்.

மெனு என்பது என்ன?

மெனுவில் இருக்கும் ஒவ்வொரு லிங்க்கும் ஒரு பெயரும் ஒரு முகவரியும் சேர்ந்த ஜோடி. 'விடுப்பு விண்ணப்பம்' என்று கண்ணுக்குத் தெரிவது பெயர், அதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று பின்னால் மறைந்திருப்பது முகவரி. இந்த ஜோடி எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முழுக் கதையும். முப்பது தளங்களுக்கு முப்பது மெனு இருந்தால் இந்த ஜோடி முப்பது இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். முப்பது சுவரில் ஒரு போன் நம்பரை எழுதி வைத்த மாதிரி. நம்பர் மாறினால் முப்பது சுவருக்கும் போய் அழித்து எழுத வேண்டும், அதிலும் எந்தச் சுவர்கள் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பொது மெனு என்றால் அந்த ஜோடி ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும். மற்ற தளங்கள் அதைப் படியெடுத்து வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் பக்கத்தைத் திறக்கும்போது அந்த ஒரு பட்டியலைப் படித்து மேலே காட்டுகின்றன. ஆகவே பட்டியலில் ஒருமுறை மாற்றினால் எல்லாத் தளத்திலும் மாறிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ஆனால் ஷேர்பாயின்ட்டில் இது எளிதாக வந்துவிடவில்லை. 2001-ல் முதல் பதிப்பு வந்த மென்பொருள் அது. அதன் கட்டமைப்பில் ஒவ்வொரு தளத் தொகுப்பும் (ஒரு தளமும் அதற்குள் இருக்கும் உள்தளங்களும்) தனி வீடு, தனிக் கதவு, தனிப் பூட்டு. ஒரு வீட்டு மெனு பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. எல்லா வீட்டுக்கும் ஒரே மெனு வேண்டும் என்றால் புரோகிராமர் யாரையாவது பிடித்துத் தனியாக எழுதி வாங்க வேண்டியிருந்தது. 2013 பதிப்பில் 'மேனேஜ்ட் நேவிகேஷன்' என்று ஒன்று வந்தது. டெர்ம் ஸ்டோர் என்ற சொற்களஞ்சியத்தில் மெனுவை ஒரு மரம் போல எழுதி வைத்து, அதைத் தளத்தில் காட்டலாம். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு சொற்பட்டியலை ஒரு தளத் தொகுப்புதான் மெனுவாகப் பயன்படுத்த முடியும். இரண்டாவது தொகுப்பும் அதையே கேட்டால் கிடைக்காது. அதனால் மூலப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொகுப்புக்கும் தனிப் பட்டியல் உண்டாக்கி, மூலத்தில் இருக்கும் சொற்களை அங்கே 'பின்' குத்தி வைப்பார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. சொந்த சர்வரில் ஷேர்பாயின்ட் வைத்திருக்கும் இடங்களில் இன்றும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம், பார்த்தால் பயப்பட வேண்டாம், காரணம் இதுதான்.

2018-ல் ஷேர்பாயின்ட் ஆன்லைனில் ஹப் தளங்கள், அதாவது பல தளங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் மையத் தளங்கள், புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களும் மவுஸை வைத்தே இதைச் செய்ய முடிந்தது.

மூன்று மெனு, மூன்று இடம்

புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஷேர்பாயின்ட் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

ஒரு பக்கத்தில் மூன்று அடுக்கு மெனு இருக்கலாம். முதலாவது, அந்தத் தளத்துக்கே சொந்தமான மெனு. டீம் தளம் (ஒரு குழு சேர்ந்து வேலை செய்யும் தளம்) என்றால் வழக்கமாக இடது பக்கம் நீளமாக இருக்கும், கம்யூனிகேஷன் தளம் (பலருக்கும் தகவல் சொல்லும் தளம்) என்றால் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் கிடையாக இருக்கும். இது அந்தக் குழுவின் சொந்தச் சாமான், அவர்கள் கோப்புகள், அவர்கள் பட்டியல்கள். இதைப் பொதுவாக்க முயல வேண்டாம், அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஹப் மெனு. பக்கத்தின் உச்சியில், தளத்தின் தலைப்புக்கும் மேலே ஒரு பட்டையாக வரும். ஒரு ஹப்பில் சேர்ந்த தளங்கள் எல்லாவற்றிலும் இது ஒரே மாதிரி இருக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும் பொது மெனு பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, குளோபல் மெனு. இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான பட்டையின் முதல் ஐகானை அழுத்தினால் விரியும். எந்த ஹப்பில் சேர்ந்த தளமாக இருந்தாலும், எதிலும் சேராத தளமாக இருந்தாலும் இது கூடவே வரும்.

முழு நிறுவனத்துக்கும் ஒரே ஹப் போதும் என்கிற அளவு சின்ன இடம் என்றால் இரண்டாவதே போதும். பெரிய இடம் என்றால் மனிதவளத்துக்கு ஒரு ஹப், விற்பனைக்கு ஒரு ஹப் என்று வைத்து, எல்லோருக்கும் பொதுவான பத்துப் பதினைந்து லிங்க்கை மூன்றாவதில் வைப்பார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் போட்டு இழுத்துக்கொள்ள வேண்டாம். ஹப்பில் இருந்து தொடங்குவோம்.

ஹப்பை உண்டாக்குவது

முதலில் ஒரு தளம் வேண்டும். புதிதாகவே ஒரு கம்யூனிகேஷன் தளம் உண்டாக்கிக்கொள்ளுங்கள், ஏற்கெனவே குப்பையும் கோப்புமாக இருக்கும் தளத்தை ஹப்பாக மாற்றுவது எனக்குப் பிடிக்காது. அப்புறம் அதை ஹப்பாகப் பதிய வேண்டும். இதற்கு ஷேர்பாயின்ட் நிர்வாகி உரிமை உள்ளவர் தேவை, தளத்தின் உரிமையாளராக மட்டும் இருந்தால் போதாது. நிர்வாக மையத்தில் 'ஆக்டிவ் சைட்ஸ்' பட்டியலுக்குப் போய், தளத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே 'ஹப்' என்பதை அழுத்தி, 'ரெஜிஸ்டர் ஆஸ் ஹப் சைட்' என்று கொடுத்தால் ஒரு பெயர் கேட்கும். அந்தப் பெயர் எல்லாத் தளங்களிலும் உச்சிப் பட்டையில் தெரியப் போகிற பெயர், அதனால் திட்டக் குழு அந்தரங்கமாக வைத்துக்கொண்ட பெயரை எல்லாம் போடாதீர்கள். யார் தங்கள் தளத்தை இந்த ஹப்பில் சேர்க்கலாம் என்றும் அங்கேயே குறிப்பிடலாம். குறிப்பிடாமல் விட்டால் எந்தத் தள உரிமையாளரும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சேர்ப்பது. ஒவ்வொரு தளத்திலும் பற்சக்கர ஐகானை அழுத்தி, 'சைட் இன்ஃபர்மேஷன்' திறந்தால் எந்த ஹப்பில் சேர வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும், தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டியதுதான். நிர்வாகியும் தன் மையத்தில் இருந்தபடியே பல தளங்களைச் சேர்த்துவிடலாம். ஒரு தளம் ஒரு நேரத்தில் ஒரு ஹப்பில்தான் இருக்க முடியும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹப்பில் எத்தனை தளம் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு நிறுவனக் கணக்குக்கு 2,000 ஹப் வரை பதியலாம் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் வரம்பு, நம்மில் யாரும் அதைத் தொடப் போவதில்லை.

சேர்ந்த உடனே தளத்தின் தோற்றம் மாறும், ஹப்பின் நிறங்களை எடுத்துக்கொள்ளும். சில குழுக்கள் இதைப் பார்த்துப் பதறிவிடுகிறார்கள், முன்கூட்டியே ஒரு வரி சொல்லி வைத்தால் நல்லது. இன்னொரு பயம், "ஹப்பில் சேர்த்தால் எங்கள் கோப்பை எல்லோரும் பார்த்துவிடுவார்களா?" என்பது. இல்லை. சேர்ப்பதால் மட்டும் தளத்தின் அனுமதிகள் மாறுவதில்லை. நேற்று யார் உள்ளே வர முடிந்ததோ அவர்கள்தான் இன்றும் வர முடியும். இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

லிங்க்கைப் போடுவது

ஹப் தளத்துக்கே போய் உச்சிப் பட்டையின் கடைசியில் இருக்கும் 'எடிட்' என்பதை அழுத்துங்கள். சேர்ந்த தளங்களில் இருந்து இதைச் செய்ய முடியாது, ஹப்பின் உரிமையாளர்கள் ஹப் தளத்தில் இருந்துதான் செய்ய முடியும். அதுதான் நமக்கும் வேண்டும். இரண்டு லிங்க்குக்கு நடுவில் மவுஸைக் கொண்டுபோனால் ஒரு கூட்டல் குறி வரும், அழுத்தினால் முகவரியும் பெயரும் கேட்கும். லிங்க் இல்லாமல் வெறும் தலைப்பாகவும் ஒன்றை வைக்கலாம். பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் மேலே நகர்த்து, கீழே நகர்த்து, இன்னொன்றுக்கு அடியில் கொண்டுபோ, நீக்கு என்று எல்லாம் இருக்கும். மொத்தம் மூன்று அடுக்கு வரை போகலாம்.

இந்த மூன்று அடுக்கை எப்படிக் காட்டுவது என்பதற்கு இரண்டு பாணி இருக்கிறது. மெகா மெனு என்றால் ஒரு தலைப்பை அழுத்தியதும் கீழே அகலமாக ஒரு பலகை விரிந்து, அதற்குள் இருக்கும் எல்லாமே ஒரே பார்வையில் தெரியும். மற்றது ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கும் பாணி. மெகா மெனு மூன்று அடுக்குக்கு என்றே செய்தது, அதில் இரண்டாம் அடுக்கு தடித்த எழுத்தில் தலைப்பாகவும் மூன்றாம் அடுக்கு அதன் கீழே லிங்க்காகவும் வரும். உங்களிடம் இரண்டே அடுக்கு இருக்கிறது என்றால் மெகா மெனுவில் எல்லாமே தலைப்பாகத் தடித்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்காது. அப்போது இறங்கும் பாணியையே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசியாக அமைத்த மெனுவின் ஒரு மூலையை மட்டும் காட்டுகிறேன். முதல் அடுக்கில் 'என் வேலை' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே 'விடுப்பும் வருகையும்', 'சம்பளமும் வரியும்', 'பயணம்' என்று மூன்று தலைப்பு. 'விடுப்பும் வருகையும்' கீழே 'விடுப்பு கேட்க', 'மிச்சம் எத்தனை நாள் இருக்கிறது', 'இந்த வருட விடுமுறைப் பட்டியல்' என்று மூன்று லிங்க். அவ்வளவுதான். இதில் மனிதவளத் துறை என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் 'மனிதவளம்', 'நிதி', 'தகவல் தொழில்நுட்பம்', 'நிர்வாகம்' என்று துறைப்படிதான் எழுதியிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள், ஏனென்றால் நிறுவனத்தின் படம் அப்படித்தான் சுவரில் தொங்குகிறது. ஆனால் சம்பளச் சீட்டு மனிதவளத்திடம் இருக்கிறதா நிதியிடம் இருக்கிறதா என்பது அதைத் தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது, சம்பளச் சீட்டு வேண்டும், வீட்டுக் கடனுக்கு வங்கியில் கேட்கிறார்கள், நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

அதனால் மெனுவின் பெயர்களை நான் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. உதவி மையத்துக்கு வந்த கேள்விகளில் பழைய இரண்டு மாதத்துக் கேள்விகளை எடுத்துப் படித்தேன். "சம்பளச் சீட்டு எங்கே", "மிச்ச லீவு எத்தனை", "பிரின்டர் வேலை செய்யவில்லை யாரிடம் சொல்வது", "புதிய ஐடி கார்டுக்கு என்ன செய்ய வேண்டும்". மக்கள் கேட்கிற வார்த்தைகள் அங்கே அப்படியே இருந்தன, அவற்றை எடுத்து மெனுவில் வைத்தேன். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் இந்த வேலையில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், பொத்தான்களை அழுத்துவது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பெயர் தயாரானதும் சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று பேரிடம் காட்டிக் கேளுங்கள். "பயணச் செலவைத் திரும்ப வாங்கணும், எங்கே அழுத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். நான் 'பயணம்' கீழே வைத்திருந்ததை எங்கள் வரவேற்பில் இருந்த அண்ணன் நேராக 'சம்பளமும் வரியும்' கீழே போய்த் தேடினார், காசு சம்பந்தப்பட்டது என்றால் அங்கேதானே இருக்கும் என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. இரண்டு இடத்திலும் வைத்துவிட்டேன்.

மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

'ஆடியன்ஸ் டார்கெட்டிங்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் ஒவ்வொரு லிங்க்குக்கும் யார் பார்க்கலாம் என்று குழுவைக் குறிப்பிடலாம். மேலாளர்களுக்கான பக்கம் மேலாளர்கள் குழுவுக்கு மட்டும், கிடங்கு ஷிஃப்ட் அட்டவணை கிடங்கு ஆட்களுக்கு மட்டும் என்று வைக்கலாம். மற்றவர்கள் கண்ணில் அது படாது, மெனுவும் சின்னதாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 குழுக்களும் பாதுகாப்புக் குழுக்களும் இதற்கு உதவும். முதல் அடுக்கு லிங்க் ஒன்றுக்கு இப்படிக் குழு குறிப்பிட்டால் அதன் அடியில் இருப்பவையும் மற்றவர்களுக்குத் தெரியாது, இதை மறந்துவிட்டு அப்புறம் தேட வேண்டாம்.

ஆனால் ஒன்றைத் தயவுசெய்து மனதில் வையுங்கள், இது பூட்டு இல்லை. லிங்க் மெனுவில் தெரியவில்லையே தவிர, அந்தப் பக்கத்தைத் திறக்க அனுமதி இருக்கிற யாரும் முகவரியை நேரடியாகப் போட்டோ தேடலில் கண்டுபிடித்தோ உள்ளே போய்விடலாம். ரகசியமான பக்கம் என்றால் அந்தப் பக்கத்தின் அனுமதியில்தான் பூட்ட வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. நீங்கள் கையால் போட்ட லிங்க், அதைத் திறக்க அனுமதி இல்லாதவர் கண்ணிலும் படும். அவர் அழுத்துவார், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வரும், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன ஒருவர் இந்தச் செய்தியைப் பார்த்து மிரண்டு போய் என்னிடம் வந்து நின்றிருக்கிறார். மெனுவில் ஒரு லிங்க் போடும்போது, அதைப் பார்க்கிற எல்லோருக்கும் அது திறக்கிறதா என்று சாதாரண ஊழியர் கணக்கு ஒன்றில் நுழைந்து சரிபாருங்கள். நிர்வாகி கணக்கில் எல்லாமே திறக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எங்கெங்கே மாட்டிக்கொள்வோம்

மாற்றிய உடனே தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம். ஹப் தளத்தில் உடனே தெரியும், மற்ற தளங்கள் கொஞ்ச நேரம் பழைய பட்டியலையே நினைவில் வைத்துக் காட்டும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். தெரியவில்லையே என்று மறுபடி மறுபடி போட்டு இரட்டை லிங்க் ஆக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கோப்பின் மேல் 'ஷேர்' அழுத்தி வருகிற நீள லிங்க்கை மெனுவில் ஒட்டுவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த லிங்க் சில சமயம் தானே அனுமதியும் கொடுக்கிற சாவி, லிங்க் கையில் இருந்தால் நிறுவனத்தில் யாரும் திறக்கலாம் என்கிற வகையாக இருக்கலாம். காலாவதித் தேதி போட்டதாகவும் இருக்கலாம். கோப்புக்கு நேராகப் போகாமல், அந்தக் கோப்பு இருக்கும் பக்கம் ஒன்றை உண்டாக்கி அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுப்பதுதான் என் பழக்கம். நாளைக்குக் கோப்பு மாறினாலும் பக்கத்தின் முகவரி மாறாது, மெனுவைத் தொடவே வேண்டியதில்லை.

ஒரு ஹப்பை இன்னொரு ஹப்போடு இணைக்க முடியும் என்று தெரிந்ததும் சிலருக்கு ஆசை வந்துவிடும், தாய் ஹப்பின் மெனு பிள்ளை ஹப்புகளுக்கும் தானாக இறங்கும் என்று. இறங்காது. அந்த இணைப்பு தேடலுக்குத்தான், தாய் ஹப்பில் தேடினால் பிள்ளை ஹப்பின் தளங்களில் இருப்பதும் கிடைக்கும். மெனு ஒவ்வொரு ஹப்புக்கும் தனித்தனிதான். எல்லா ஹப்பிலும் ஒரே லிங்க் வேண்டும் என்றால் அதற்கு இருப்பதுதான் குளோபல் மெனு.

குளோபல் மெனுவுக்கு முதலில் ஒரு கம்யூனிகேஷன் தளத்தை நிறுவனத்தின் 'ஹோம் சைட்' என்று நிர்வாகி குறித்துவிட வேண்டும். அப்புறம் அந்தத் தளத்தின் பற்சக்கரத்தில் 'குளோபல் நேவிகேஷன் செட்டிங்ஸ்' என்று ஒன்று வரும். அதை இயக்கி, 20-க்கு 20 பிக்சலில் ஒரு சின்ன லோகோ கொடுத்து, ஒரு தலைப்பு வைத்து, எந்த மெனுவைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தளத்தின் சொந்த மெனுவையே காட்டச் சொல்லலாம், அந்தத் தளம் ஹப்பாகவும் இருந்தால் ஹப் மெனுவைக் காட்டச் சொல்லலாம். ஒரே விஷயம், ஹோம் தளத்தைப் படிக்க அனுமதி இல்லாதவருக்கு இந்த மெனு தெரியாது. சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, ஹப்பாக இருக்கும் தளத்தை அப்படியே அழிக்க முடியாது, முதலில் ஹப் பதிவை நீக்க வேண்டும். நீக்கிய உடனே அதில் சேர்ந்த எல்லாத் தளங்களின் உச்சிப் பட்டையும் போய்விடும். ஆகவே மாற்று ஏற்பாடு தயாராகாமல் கை வைக்காதீர்கள்.

விக்கிப்பீடியாவில் பார்த்திருக்கிறீர்கள்

இந்தக் கருத்து ஷேர்பாயின்ட்டுக்கு மட்டும் சொந்தம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதன்மைப் பட்டியலில் 'முதற் பக்கம்' முதலான ஒரே லிங்க்குகள்தான் இருக்கும். லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளிலும் யாரும் உட்கார்ந்து அதை எழுதவில்லை. விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். அதில் 'சைட்பார்' என்று ஒரு தனிப் பக்கம் இருக்கிறது, நட்சத்திரக் குறி போட்டு வரி வரியாக லிங்க்குகள் எழுதப்பட்டிருக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் தலைப்பு, இரண்டு நட்சத்திரம் என்றால் லிங்க். நிர்வாகி உரிமை உள்ளவர் அந்த ஒரு பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தினால் எல்லாக் கட்டுரையின் ஓரத்திலும் மாறும். மீடியாவிக்கி இலவச மென்பொருள், சின்ன அலுவலகங்கள் பல அதையே இன்ட்ராநெட்டாக வைத்திருக்கின்றன. ஷேர்பாயின்ட்டுக்குச் சந்தா கட்ட வசதியில்லாத இடத்தில் இருந்தால் அதையும் யோசியுங்கள்.

யார் கையில் சாவி?

மெனு ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் அதைத் திருத்தும் உரிமையும் ஒரு சிலரிடம் வந்துவிடும். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு கணக்குப் பிரிவு தன் மெனுவைத் தானே மாற்றிக்கொண்டது, இப்போது உங்களிடம் வந்து கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒரு வாரம் இழுத்தடித்தால் அவர்கள் மறுபடியும் தங்கள் தளத்தின் சொந்த மெனுவில் லிங்க்கை ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள், கதை பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அதனால் குறைந்தது இரண்டு பேரிடம் உரிமை இருக்கட்டும், ஒருவர் லீவில் இருந்தாலும் மற்றவர் செய்யலாம். லிங்க் மாற்றச் சொல்லி வந்தால் அன்றைக்கே செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

கூடவே ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு லிங்க்குக்கும் நேராக, அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு யார் என்று பெயர் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைத் திறந்து ஒவ்வொரு லிங்க்கையும் அழுத்திப் பாருங்கள். திறக்காததை அன்றே சரிசெய்யுங்கள், பொறுப்பானவர் வேலையை விட்டுப் போயிருந்தால் புதியவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். என்னுடைய தாளில் இப்போது 46 வரிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகிறது. முதலில் நான் அழுத்துவது 'விடுப்பு கேட்க' என்ற வரியைத்தான். படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, அது மனிதவளத்தில் இருக்கும் தோழியின் திரையில் வந்து விழுந்துவிட்டதா என்று போன் போட்டுக் கேட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போவேன்.